நெட்வொர்க்கிங்கில் தொடங்கியவன் சயின்டிஃபிக் கம்ப்யூட்டிங் பக்கம் போகலாமா?

கடைசிப்பாக்கெட் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்ததும் நேராக ஒரு நெட்வொர்க்கிங் டீமில் சேர்ந்தேன். வேலை முழுக்க சி-யில்தான். டிசிபிக்கு மேல் ஓடும் எங்கள் சொந்த புரோட்டோகால், அதற்கான சர்வர், ஈபோல் லூப், பஃபர்கள், யாராவது "மெதுவாக இருக்கிறது" என்றால் டிசிபிடம்பால் லைனில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்து, வயர்ஷார்க்கில் போட்டு, ரீட்ரான்ஸ்மிஷன் (தொலைந்ததை மறுபடி அனுப்புவது) எங்கே ஆகிறது என்று துழாவுவது, இப்படியே போகிறது. பிடித்தும் இருக்கிறது.

இப்போது அதே நிறுவனத்தில் இன்னொரு குழு கூப்பிடுகிறது. திரவ ஓட்டத்தின் சமன்பாடுகளைத் தீர்த்து சிமுலேட் செய்யும் ஒரு புரோகிராம், சால்வர் என்பார்கள், வைத்திருக்கிறார்கள். பாதி ஃபோர்ட்ரான், பாதி சி பிளஸ் பிளஸ், இரண்டையும் கிளஸ்டரில் ஓட்ட எம்பிஐ (பல மெஷின்களில் ஓடும் பிராசஸுகள் ஒன்றுக்கொன்று மெசேஜ் அனுப்ப உதவுவது). ஒரு அளவுக்கு மேல் நோடுகளை, அதாவது கிளஸ்டரின் மெஷின்களை, கூட்டினால் வேகம் கூடவில்லையாம், சில சமயம் குறைகிறதாம். "நெட்வொர்க் தெரிந்த ஆள் வேண்டும், நீ வா" என்கிறார்கள்.

போகலாமா என்று ஒரே குழப்பம். இன்னும் நெட்வொர்க்கிங்கிலேயே ஆழம் வரவில்லை, அதற்குள் தாவினால் இரண்டிலும் அரைகுறை ஆகிவிடுவேனோ என்று ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம் கணக்கு. நியூமெரிக்கல் அனாலிசிஸ் பேப்பரை எப்படித் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. அப்புறம் ஃபோர்ட்ரான். ரெஸ்யூமேயில் அதைப் பார்த்தால் யாராவது அடுத்த வேலை கொடுப்பார்களா? நண்பர்கள் எல்லாரும் "பேசாமல் கிளவுட் பக்கம் போடா" என்கிறார்கள்.

இரண்டு பக்கமும் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

பழையசாக்கெட் பதில்:

தம்பி, இரண்டும் வேறு வேறு தெரு என்று நினைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். நான் நெட்வொர்க்கிங்கில் தொடங்கி, அங்கே போய், திரும்பி வந்து, மறுபடியும் போனவன். தெரு ஒன்றுதான்.

பழைய கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1986-ல் அமெரிக்காவில் என்எஸ்எஃப்நெட் என்கிற ஆராய்ச்சி நெட்வொர்க்கைப் போட்டதே சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களை ஆராய்ச்சியாளர்கள் தூரத்திலிருந்து பயன்படுத்தட்டும் என்றுதான். முதல் லைன்கள் வெறும் 56 கிலோபிட். அதே வருடம் அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி லேபுக்கும் பக்கத்திலேயே, சுமார் 400 கஜ தூரத்தில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே டேட்டா போகிற வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. கிலோ இல்லை, வெறும் 40 பிட். அதைத் தோண்டப் போய்த்தான் வான் ஜேக்கப்சன், டிசிபி நெரிசலைச் சமாளிக்கும் ஸ்லோ ஸ்டார்ட், கன்ஜெஷன் அவாய்டன்ஸ் முறைகளை எல்லாம் 1988-ல் எழுதினார். நீங்கள் தினமும் தட்டுகிற டிசிபிடம்ப் இருக்கிறதே, அதுவும் அவரும் அவருடைய சகாக்களும் அதே லேபில் எழுதியதுதான். 1994-ல் நாசா கோடார்டில் 16 சாதாரண 486 மெஷின்களை 10 மெகாபிட் ஈதர்நெட்டில் கோத்து முதல் பியோவுல்ஃப் கிளஸ்டரைக் கட்டிய இருவரில் ஒருவர் டொனால்ட் பெக்கர். லினக்ஸின் ஈதர்நெட் டிரைவர்களை எழுதிக் குவித்தவர் அவர். விலை மலிந்த பெட்டிகளைச் சேர்த்து அறிவியல் கணக்கு போடலாம் என்று காட்ட, கார்டின் டிரைவர் வரைக்கும் இறங்கத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "நெட்வொர்க் தெரிந்த ஆள் வேண்டும்" என்று அவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். வேகம் கூடாததற்கு நெட்வொர்க்தான் காரணம் என்பது அவர்களுடைய ஊகம். பெரும்பாலும் பிரச்சினை கணக்கைப் பிரிக்கிற விதத்தில் இருக்கும். ஒவ்வொரு பிராசஸுக்கும் 100 × 100 × 100 கட்டம் என்று வையுங்கள். உள்ளே 10 லட்சம் கட்டம், பக்கத்து பிராசஸுகளோடு பரிமாற வேண்டிய ஆறு முகங்களிலும் சேர்த்து 60,000. அதாவது 6 சதவீதம். அதே மொத்தக் கணக்கை எட்டு மடங்கு பிராசஸுகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 50 × 50 × 50, உள்ளே 1,25,000, முகங்களில் 15,000. இப்போது 12 சதவீதம். இன்னொரு எட்டு மடங்கு போனால் 24. வேலை எட்டில் ஒன்றாகக் குறைகிறது, பேச்சு நாலில் ஒன்றாகத்தான் குறைகிறது. எவ்வளவு நல்ல ஸ்விட்ச் வாங்கிப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

இதற்கு மேல் ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு நிலையான செலவு இருக்கிறது. இன்ஃபினிபேண்டில் (கிளஸ்டர்களுக்கான அதிவேக நெட்வொர்க்) ஒன்றிரண்டு மைக்ரோ வினாடி, சாதாரண ஈதர்நெட்டில் டிசிபி வழியாகப் போனால் பத்து மைக்ரோ வினாடிகளின் கணக்கில். 3 கிகாஹெர்ட்ஸ் கோர் ஒரு மைக்ரோ வினாடியில் 3,000 சைக்கிள் ஓட்டிவிடும். அழுத்தத்துக்கு ஒரு மெசேஜ், வேகத்தின் மூன்று திசைக்கு மூன்று மெசேஜ், வெப்பத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் புரோகிராமை எழுதியவருக்கு அப்படித்தான் சமன்பாடு தெரியும். ஐந்தையும் ஒரே பஃபரில் கட்டி அனுப்பலாமே என்பது உங்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தோன்றும். அங்கே அது பெரிய கண்டுபிடிப்பு மாதிரி இருக்கும்.

இன்னொன்று, போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பெயர் வாங்கித் தரக்கூடிய விஷயம்: ஃபைல் கடத்தல். இந்தக் குழுக்கள் பெரிய பெரிய ரிசல்ட் ஃபைல்களை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், 1 கிகாபிட் லைன் இருந்தும் 5 மெகாபிட்தான் வருகிறது என்று புலம்பும். ரவுண்ட் ட்ரிப் (போய்த் திரும்பும் நேரம்) 100 மில்லி வினாடி, விண்டோ (பதில் வரும் முன் அனுப்பக்கூடிய அளவு) 64 கிலோபைட் என்றால் நொடிக்கு பத்து தடவை 64 கிலோபைட், அவ்வளவுதான் வரும், லைன் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன. அந்தக் குழாயை நிரப்ப 12.5 மெகாபைட் காற்றிலேயே இருக்க வேண்டும். விண்டோவைப் பெரிதாக்கும் விண்டோ ஸ்கேலிங் 1992-லேயே வந்துவிட்டது, ஆனால் அவர்கள் பயன்படுத்தும் டூல் தன் பஃபரைச் சிறிதாகப் பிடித்து வைத்திருந்தால் கர்னல் என்ன செய்யும்? உங்களுக்கு இது அரை நாள் வேலை.

அதனால் என் ஓட்டு: போங்கள்.

---

மிதவைப்புள்ளி பதில்:

பழையசாக்கெட் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவர் பாதியைத்தான் சொன்னார். நெட்வொர்க்கிங்கிலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் மெசேஜ் இல்லை, விடை.

உங்கள் தற்போதைய வேலையில் தப்பு நடந்தால் அது சத்தம் போடும். செக்சம் பொருந்தாது, கனெக்ஷன் அறுந்துபோகும், எதிர்ப்பக்கம் ரீசெட் அனுப்பும். சயின்டிஃபிக் கோடில் தப்பு அமைதியாக வரும். ப்ரோகிராம் ஓடி முடியும், வண்ணப்படம் அழகாக இருக்கும், எண் மட்டும் தப்பு. அதைப் பார்த்து யாரோ ஒருவர் பைப்பின் விட்டத்தை முடிவு செய்துவிடுவார்.

கணக்கு பயம் பற்றிக் கேட்டீர்கள். முதலில் வேண்டியது பெரிய கணக்கு இல்லை, மிதவைப் புள்ளி எண் எப்படி நடந்துகொள்ளும் என்பது. பைத்தானைத் திறந்து 1e16-உடன் 1 கூட்டி, பிறகு 1e16-ஐக் கழித்துப் பாருங்கள், 0 வரும். வரிசையை மாற்றி முதலில் கழித்துவிட்டு 1 கூட்டினால் 1 வரும். டபுள் எண்ணில் (64 பிட் மிதவைப் புள்ளி எண்) இலக்கங்களுக்கு 53 பிட்தான் இருக்கிறது, அதற்கு மேல் இடமில்லை. இது பக் இல்லை, 1985-ல் ஐஇஇஇ 754 என்று எழுதி வைத்து எல்லா சிப்பும் ஒரே மாதிரி செய்கிற விஷயம். (அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு விதமாக ரவுண்ட் செய்துகொண்டிருந்தது. அந்த ஒழுங்கைக் கொண்டுவந்த வில்லியம் கஹானுக்கு 1989-ல் ட்யூரிங் விருது கொடுத்தார்கள்.)

இது உங்கள் வேலையில் எங்கே வந்து இடிக்கும் தெரியுமா? எம்பிஐ-யில் ஆல்ரெட்யூஸ் போட்டு ஆயிரம் பிராசஸுகளின் எண்களைக் கூட்டும்போது, எந்த வரிசையில் கூட்டும் என்பது பிராசஸ் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். 64-ல் ஓட்டினால் ஒரு விடை, 128-ல் ஓட்டினால் கடைசி இலக்கங்கள் வேறு. நெட்வொர்க்கிங் பழக்கத்தில் இரண்டு அவுட்புட்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டு "உடைந்துவிட்டது" என்று டிக்கெட் போடாதீர்கள். அதே நேரம், எல்லா வித்தியாசமும் ரவுண்டிங்தான் என்று ஒதுக்கவும் கூடாது. நிஜமான ரேஸ் கண்டிஷன் (எது முந்தும் என்பதைப் பொறுத்து விடை மாறும் பக்) அந்தப் போர்வைக்குள் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

சின்ன ரவுண்டிங் என்ன செய்துவிடும் என்று நினைத்தால் 1991 பிப்ரவரி 25, சவுதி அரேபியாவின் தஹ்ரானைப் பாருங்கள். எதிரி ஏவுகணையை இடைமறிக்கும் பேட்ரியட் அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது, 0.1-ஐ 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தது. பைனரியில் 0.1 முடியாத எண். 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் பிழை சேர்ந்து 0.34 நொடி ஆனது, வந்த ஸ்கட் ஏவுகணை அதற்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தது. 28 சிப்பாய்கள் இறந்தார்கள். அங்கே பார்முலா தப்பில்லை என்பதைக் கவனியுங்கள்.

எப்படி சோதிப்பது என்பதுதான் நீங்கள் கற்க வேண்டிய உண்மையான வித்தை. விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்களே ஒரு விடையை எழுதி, அதைச் சமன்பாட்டில் போட்டு, அதற்கு என்ன சோர்ஸ் டெர்ம் வேண்டும் என்று கண்டுபிடித்து கோடுக்குக் கொடுங்கள். பிறகு கட்டத்தின் அளவைப் பாதியாக்குங்கள். இரண்டாம் ஆர்டர் முறை என்றால் பிழை நாலில் ஒன்றாகக் குறைய வேண்டும். இரண்டில் ஒன்றாகத்தான் குறைகிறது என்றால் எங்கோ, பெரும்பாலும் எல்லையோரக் கட்டங்களில், ஒரு தப்பு உட்கார்ந்திருக்கிறது. சாதாரண யூனிட் டெஸ்ட் எதுவும் அதைப் பிடிக்காது. நான் பார்த்த வரை இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்யும் குழுக்கள் குறைவு, செய்யும் குழுவில் சேர்ந்தால் இரண்டே வருடத்தில் நிறையக் கற்றுக்கொள்வீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை, டெவலப்பர் புத்தியில் வருகிறவர்களுக்கென்றே. வேகத்துக்காக, கணக்கின் வரிசையை கம்பைலர் மாற்ற அனுமதிக்கும் ஃபாஸ்ட் மேத் ஃபிளாகை யாரையும் கேட்காமல் போட்டுவிடாதீர்கள். பிழையைத் தனியாகச் சேர்த்து வைத்துத் திருத்தும் கஹான் கூட்டல் மாதிரி ஏதாவது உள்ளே இருந்தால், கம்பைலர் "இது இயற்கணிதப்படி பூஜ்யம்தானே" என்று அந்த வரிகளையே தூக்கி எறிந்துவிடும். வேகம் கூடும். விடை போகும்.

---

மூன்றாவதுஷிஃப்ட் பதில்:

எல்லாரும் அறிவியலைப் பேசுகிறார்கள், நான் சம்பளத்தையும் மரியாதையையும் பேசுகிறேன்.

இந்தக் குழுக்களில் டெவலப்பர் யார்? அதைக் கேட்டீர்களா? சில இடங்களில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் "விஞ்ஞானி", நீங்கள் "கோடு எழுதுகிற பையன்". அறிக்கையில் பெயர் வராது, கோடு வேகமானால் அது அவர்களுடைய முறையின் வெற்றி, உடைந்தால் உங்களுடைய பக். பிரிட்டனில் 2012-ல் ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர் என்று ஒரு தனிப் பெயரையே உருவாக்க வேண்டி வந்ததற்குக் காரணம் இதுதான், இப்படிப்பட்ட ஆட்களுக்குப் பதவியும் இல்லை, உயர்வுக்கு வழியும் இல்லை. இப்போது நிலைமை பல இடங்களில் மேல், எல்லா இடத்திலும் இல்லை.

அதனால் சேருவதற்கு முன் அவர்களுடைய ரெப்போவைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் இருக்கிறதா, இல்லை, தேதி போட்ட ஃபோல்டர்களா? டெஸ்ட் ஏதாவது தானாக ஓடுகிறதா? நீங்கள் எழுதும் கோடை யார் ரிவ்யூ செய்வார்? அந்தக் கேள்விக்கு "ரிவ்யூவா?" என்று பதில் வந்தால் தயவுசெய்து ஓடிவிடுங்கள். முதல் சில வருடங்களில் உங்கள் கோடைத் திருத்த ஆள் இல்லாத இடம் எந்தத் துறையாக இருந்தாலும் நஷ்டம்.

கிளவுடுக்குப் போ என்கிற நண்பர்கள் சொல்வது முட்டாள்தனம் இல்லை. வேலை எண்ணிக்கை அங்கேதான் அதிகம். ஆனால் ஒரு விஷயம் மாறிவிட்டது. பெரிய மாடல்களை டிரெய்ன் செய்யும் ஜிபியு கிளஸ்டர்களில் நடப்பது என்ன? ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ஆயிரக்கணக்கான ஜிபியுக்கள் கிரேடியன்ட்டை (மாடலை எப்படித் திருத்துவது என்று சொல்லும் எண்கள்) கூட்டிப் பகிர்ந்துகொள்கின்றன, அதாவது அதே ஆல்ரெட்யூஸ், அதே இன்ஃபினிபேண்ட் அல்லது ஈதர்நெட் மேல் ஆர்டிஎம்ஏ (இன்னொரு மெஷினின் மெமரியில் நேராக எழுதுவது). எம்பிஐ ஆட்கள் பல வருடமாகச் செய்துகொண்டிருந்ததைத்தான் இப்போது எல்லாரும் புதுசு மாதிரி செய்கிறார்கள். பாக்கெட் எங்கே விழுகிறது என்றும் தெரிந்து, கலெக்டிவ் (ஆல்ரெட்யூஸ் மாதிரி எல்லாரும் சேர்ந்து செய்யும் பரிமாற்றம்) எப்படி ஓடுகிறது என்றும் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். அரைகுறை ஆகிவிடுவேனோ என்று கேட்டீர்களே, அந்தச் சேர்க்கைக்கே இப்போது ஆள் தேடுகிறார்கள்.

---

கடைசிப்பாக்கெட் பதில்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. மூன்றாவதுஷிஃப்ட் சொன்னபடி ரெப்போவைக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். கிட் இருக்கிறது, இரவில் தானாக ஓடும் டெஸ்டுகள் இருக்கின்றன, ஒரு மூத்தவர் எல்லா மாற்றத்தையும் படித்து கேள்வி கேட்கிறார் (கமெண்டுகளைப் பார்த்தாலே தெரிகிறது, கொஞ்சம் கடுமையான ஆள்). மிதவைப்புள்ளி அக்கா சொன்ன கட்டத்தைப் பாதியாக்கும் சோதனை பற்றிக் கேட்டேன், ஒரு பகுதிக்கு மட்டும் இருக்கிறதாம்.

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று சொல்லும் ப்ரொஃபைல் ஒன்றையும் காட்டினார்கள். பெரிய ரன்னில் நேரத்தின் பெரும்பகுதி எம்பிஐ வெயிட்டில் போகிறது. "பார், நெட்வொர்க்!" என்கிறார்கள். பழையசாக்கெட் அண்ணா, நெட்வொர்க்கா வேறு எதுவுமா என்று எப்படிப் பிரிப்பது? என் பழக்கத்துக்கு பாக்கெட் கேப்சர் எடுக்கலாம் என்று பார்த்தால், இன்ஃபினிபேண்டில் கர்னலைத் தாண்டியே போகிறது, டிசிபிடம்புக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அப்புறம் ஃபோர்ட்ரான் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

---

பழையசாக்கெட் பதில்:

ஆமாம், அங்கே கார்டே நேராக மெமரியில் எழுதிவிடும், கர்னல் நடுவில் இல்லை. டிசிபிடம்ப் பழக்கத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

எம்பிஐ வெயிட்டில் நேரம் போகிறது என்றால் அதன் பொருள் "இந்த பிராசஸ் காத்திருந்தது", அவ்வளவே. யாருக்காகக் காத்திருந்தது என்பதை அது சொல்லாது. கல்யாணப் பந்தியில் எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், சாம்பார் வரவில்லை என்றால் வாளியைத் தூக்கி வருபவர் மெதுவா, சமையலே முடியவில்லையா என்று உள்ளே போய்ப் பார்த்தால்தானே தெரியும்.

முதலில் ரேங்க் வாரியாக (எம்பிஐ-யில் ஒவ்வொரு பிராசஸுக்கும் உள்ள எண்தான் ரேங்க்) காத்திருந்த நேரத்தைப் போட்டுப் பாருங்கள். எல்லா ரேங்குகளும் கிட்டத்தட்ட சமமாகக் காத்திருந்தால் நெட்வொர்க் மேல் சந்தேகப்படலாம். ஒன்றிரண்டு ரேங்குகள் காத்திருக்கவே இல்லை, மற்றவை எல்லாம் நிறையக் காத்திருந்தன என்றால் குற்றவாளி அந்த ஒன்றிரண்டுதான், அவர்களிடம் வேலை அதிகமாகப் போயிருக்கிறது. அடுத்து, சோதனைக்கு மட்டும், பரிமாற்றத்துக்கு முன்னால் ஒரு பேரியர் (எல்லாரும் வந்து சேரும்வரை நிறுத்தி வைப்பது) போடுங்கள். காத்திருப்பு முழுக்க பேரியருக்கு நகர்ந்துவிட்டு பரிமாற்றம் சட்டென்று முடிந்தால் லைனில் பிரச்சினை இல்லை, வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. பேரியரை மறக்காமல் எடுத்துவிடுங்கள், சில கோடுகளில் இப்படிப் போட்ட பேரியர் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். மூன்றாவதாக இரண்டு நோடுக்கு நடுவே வெறும் பிங்பாங் டெஸ்ட் (ஒரு மெசேஜை அனுப்பித் திரும்ப வாங்குவது) ஓட்டி, சிறிய மெசேஜ், பெரிய மெசேஜ் இரண்டுக்கும் நேரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சால்வர் அனுப்பும் அளவுக்கு அந்த நேரம் என்ன, ப்ரொஃபைலில் வருகிற நேரம் என்ன என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி வாதம் முடிந்துவிடும்.

இன்னொரு பொறி இருக்கிறது. ஐசென்ட், ஐரெசீவ் (அனுப்புவதையும் வாங்குவதையும் தொடங்கிவிட்டு உடனே திரும்பும் எம்பிஐ கால்கள்) போட்டுவிட்டு கணக்கு போட்டால் பின்னணியில் டேட்டா போய்க்கொண்டிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சின்ன மெசேஜை லைப்ரரி உடனே தள்ளிவிடும், பெரிய மெசேஜுக்கு முதலில் இரண்டு பக்கமும் கைகுலுக்க வேண்டும், அந்தக் கைகுலுக்கல் பல சமயம் நீங்கள் மறுபடி ஏதாவது எம்பிஐ கால் செய்யும்போதுதான் நகரும். அதனால் எல்லாம் கடைசியில் வெயிட்டில் வந்து குவியும். நான்-பிளாக்கிங் சாக்கெட்டைத் திறந்துவிட்டு லூப்பைச் சுற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்தானே, அதேதான்.

இதில் எனக்குப் பிடித்த கேஸ் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் லேபில் இருந்த ஆஸ்கி க்யூ சூப்பர் கம்ப்யூட்டர். 8,192 பிராசசர். கணக்கிட்ட வேகத்துக்கும் ஓடிய வேகத்துக்கும் பெரிய இடைவெளி. ஒவ்வொரு நோடிலும் 4 பிராசசர் இருக்க, 3-ஐ மட்டும் பயன்படுத்தினால் மொத்த மெஷினும் வேகமாக ஓடியது! 2003-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் காரணம் சொன்னார்கள். ஒவ்வொரு நோடிலும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சின்னச் சின்னப் பின்னணி வேலைகள் அவ்வப்போது எழுந்து ஒரு பிராசசரைக் கொஞ்ச நேரம் பிடுங்கிக்கொண்டன. ஒரு நோடில் அது ஒன்றுமே இல்லை. ஆயிரக்கணக்கான நோடுகளில் எந்த நேரத்திலும் எங்காவது ஒன்று தடைபட்டிருக்கும், கலெக்டிவில் எல்லாரும் அந்த ஒன்றுக்காக நிற்பார்கள். அந்தப் பின்னணி வேலைகளைக் குறைத்து ஒதுக்கியதும் அவர்களுடைய பெரிய அப்ளிகேஷன் இரண்டு மடங்கு வேகமானது. புது ஹார்ட்வேர் எதுவும் வாங்கவில்லை. ஜிட்டரை, அதாவது ஒழுங்கில்லாத தாமதத்தை, தேடிப் பழகிய நெட்வொர்க் ஆளுக்கு இந்த மாதிரி வேலை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

---

நெடுவரிசை பதில்:

ஃபோர்ட்ரான் என்றதும் வந்தேன்.

1957-ல் வந்தது, ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு எழுதியது, அதனால் எல்லாரும் அருங்காட்சியகப் பொருள் மாதிரிப் பேசுகிறார்கள். உங்கள் நண்பர்கள் பைத்தானின் நம்பை-யில் ஒரு மேட்ரிக்ஸ் சமன்பாட்டைத் தீர்க்கும்போது அடியில் கூப்பிடப்படுவது லாபேக் என்கிற மேட்ரிக்ஸ் கணக்கு லைப்ரரியின் ரொட்டீன்கள், லாபேக் ஃபோர்ட்ரானில் எழுதியது. சிரிப்பவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள்.

சி தெரிந்தவருக்கு படிக்கிற அளவுக்கு வர அதிக நாள் ஆகாது. கவனிக்க வேண்டியது சிலதுதான். அரே நெடுவரிசையாக மெமரியில் இருக்கும், அதாவது இடப்பக்க இன்டெக்ஸ்தான் வேகமாக ஓட வேண்டும். சி பழக்கத்தில் லூப்பைத் திருப்பி எழுதினால் 64 பைட் கேஷ் லைனில் ஒரே ஒரு டபுளைப் பயன்படுத்திவிட்டு மற்ற ஏழையும் வீணாக்குவீர்கள், அதே கணக்கு பல மடங்கு மெதுவாக ஓடும், விடை மட்டும் சரியாக வரும், அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. இரண்டு மொழியும் கலந்த கோடு என்றால் இந்த எல்லையில்தான் நிறையப் பேர் மாட்டுவார்கள். பழைய ஃபைல்களில் வேரியபிளை அறிவிக்காமலே பயன்படுத்தியிருப்பார்கள். ஐ முதல் என் வரை தொடங்கும் பெயர் முழு எண், மற்றது ரியல். ஒரு எழுத்துப் பிழை விழுந்தால் புது வேரியபிள் பிறந்துவிடும், கம்பைலர் வாயே திறக்காது. ஃபைலுக்கு ஃபைல் இம்ப்ளிசிட் நன் (எல்லா வேரியபிளையும் அறிவித்தே ஆக வேண்டும் என்கிற வரி) போட்டுக்கொண்டே போனாலே நாலைந்து பழைய பக் வெளியே வரலாம். அரே எல்லையைச் சோதிக்கும் கம்பைலர் ஃபிளாகைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

"இதை முழுக்க சி பிளஸ் பிளஸில் மாற்றி எழுதிவிடலாமே" என்று உங்களுக்கு சேர்ந்த கொஞ்ச நாளில் தோன்றும், எல்லாருக்கும் தோன்றும். வேண்டாம். சி-யில் இரண்டு பாயின்டர் ஒரே இடத்தைக் காட்டலாம் என்று கம்பைலர் பயந்து பயந்து செய்வதை, ஃபோர்ட்ரானில் சப்ரொட்டீன் ஆர்குமென்ட்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது என்கிற விதியை வைத்துத் தைரியமாகச் செய்யும். அந்தக் கோடில் யாரோ எப்போதோ கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த எல்லையோர விதிகள் கமெண்ட் இல்லாமல் புதைந்திருக்கும். 2003 ஸ்டாண்டர்டிலிருந்து சி-யோடு ஒழுங்காகப் பேச வழி இருக்கிறது, புதுசாக எழுதுவதை வேறு மொழியில் எழுதி அதன் வழியாக இணையுங்கள், போதும்.

ரெஸ்யூமே பற்றி: "ஃபோர்ட்ரான் தெரியும்" என்று எழுதாதீர்கள். எந்த சால்வரை எத்தனை கோர் வரை கொண்டுபோனீர்கள், எதை மாற்றியதால் அது நடந்தது என்று எழுதுங்கள். மொழி பெயர் தானாக அதில் வந்துவிடும்.

---

மிதவைப்புள்ளி பதில்:

நெடுவரிசை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கணக்கு பயம் என்றீர்கள், மிதவைப் புள்ளிக்கு அடுத்து எதைப் படிப்பது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். கண்டிஷன் நம்பர், அதாவது உள்ளே வரும் சின்னப் பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்று சொல்லும் எண், அதைப் படியுங்கள். மேட்ரிக்ஸின் கண்டிஷன் நம்பர் 10-இன் 10 அடுக்கு என்றால், டபுள் தரும் ஏறக்குறைய 16 இலக்கத்தில் 10 போய்விடலாம், நம்பத்தக்கது 6-தான். இது புரிந்தால் ஏன் சால்வர் சில கேஸ்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஏன் ப்ரீகண்டிஷனர் (அந்த எண்ணைக் குறைக்க மேட்ரிக்ஸை மாற்றும் முறை) என்று எல்லாரும் பேசுகிறார்கள் என்பதெல்லாம் பின்னாலேயே வரும். மேட்ரிக்ஸ் இன்வர்ஸை நீங்களே எழுதும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், லாபேக் இருக்கிறது. பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் எல்லாம் அந்தக் கடுமையான மூத்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம், கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவும் பிடிக்கும்.

---

கடைசிப்பாக்கெட் பதில்:

சரி, முடிவு செய்துவிட்டேன். இப்போதைக்கு என் பழைய டீமின் ஆளாகவே இருந்துகொண்டு, பாதி நேரம் அங்கே. இரண்டு மேனேஜர்களும் ஒத்துக்கொண்டார்கள். முதல் வேலையாக ரேங்க் வாரியாகக் காத்திருப்பு நேரம் எடுப்பது, பேரியர் சோதனை, பிங்பாங். ஃபைல் கடத்தலில் விண்டோ விஷயத்தையும் கேட்டேன் அண்ணா, அவர்கள் புலம்பும் எண் நீங்கள் சொன்னதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது!

எண்கள் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.

---

பழையசாக்கெட் பதில்:

போடுங்கள். சராசரியை மட்டும் போட்டால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது, ஒவ்வொரு ரேங்குக்கும் தனித்தனியாக, எந்த ரேங்க் எந்த நோடில் உட்கார்ந்திருந்தது என்பதோடு போடுங்கள். கோர்களோடு பிராசஸுகளைக் கட்டிப்போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள், கட்டாமல் எடுத்த அளவீடு ஒவ்வொரு ரன்னிலும் வேறு கதை சொல்லும்.